முதல் விற்பனையின் உரிமை: கரமனை மீனவர் கூட்டமைப்பும் மீன் கொள்முதல் அறமும்

முன்னுரை

திருவனந்தபுரம் நகரின் தென்பகுதியில், கரமனை ஆற்றின் கரையில் அமைந்துள்ள ஊர் கரமனை. நாகர்கோவில், கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரின் வழியே செல்கிறது. தமிழ் அந்தணர் வாழ்ந்த அக்கிரகாரத் தெருக்களால் பெயர்பெற்ற இவ்வூருக்குக் கடற்கரை கிடையாது. எனினும் தென்னிந்தியச் சிறுதொழில் மீனவர்களின் வரலாற்றில் கரமனைக்குத் தனி இடமுண்டு. 1980இல் தோன்றிய 'தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு' இவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்டது. 'சிஃப்ஸ்' என்னும் சுருக்கப் பெயரால் அது கடற்கரை மக்களிடையே அறியப்படுகிறது.

இன்று நகரங்களில் மளிகைக்கடைகளும் பல்பொருள் அங்காடிகளும் மீனை விற்கத் தொடங்கியுள்ளன. கடல்வளம் குன்றாமலும் உழைப்பவர் சுரண்டப்படாமலும் மீனைக் கொள்முதல் செய்வது எவ்வாறு என்னும் வினா இதனால் எழுந்துள்ளது. இவ்வினாவுக்கு மேலைநாடுகள் தரும் விடை பெரும்பாலும் சான்றிதழ் சார்ந்தது. கரமனைக் கூட்டமைப்பின் வரலாறோ வேறொரு விடையை முன்வைக்கிறது. பிடித்த மீனைக் கரையில் முதன்முதலாக விற்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே கொள்முதல் அறத்தின் தொடக்கம் என்பது அவ்விடை. அவ்வரலாற்றை அதன் நிறைகுறைகளுடன் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெய்தல் வணிகமும் ஓய்வும்

மீன் விற்பனை தமிழ் இலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. பரணர் பாடிய புறநானூற்று 343ஆம் பாடல், மீனை விற்றுப் பெற்ற நெல்லைக் குவித்து வைத்த முசிறியின் வளத்தைக் காட்டுகிறது. இன்றைய கேரளக் கடற்கரையில் இருந்த துறைமுகம் முசிறி என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. இப்பண்டமாற்றில் மீனும் நெல்லும் நேருக்குநேர் மாறின. இடையில் நின்று விலையை முடிவு செய்த கடன்காரர் எவரும் அக்காட்சியில் இல்லை.

பட்டினப்பாலையில் மற்றொரு செய்தி கிடைக்கிறது. முழுநிலா நாளில் பரதவர் கடலுக்குச் செல்லாமல், சுறாமீனின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டும் ஆடியும் மகிழ்ந்திருந்தனர் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். அவ்வோய்வு மீன்வளத்தைக் காக்கும் நோக்குடன் விதிக்கப்பட்டது என்று கூறுவதற்குப் பாடலில் சான்றில்லை. வழிபாட்டின் பொருட்டு எழுந்த வழக்கமாகவே அதனைக் கொள்ளவேண்டும். ஆயினும் கடலுக்குச் செல்லாத நாள் ஒன்று உண்டு என்னும் எண்ணம் நெய்தல் வாழ்வில் தொன்மையானது என்பதை இதனால் அறியமுடிகிறது. கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமையன்று தொழிலுக்குப் போகாத வழக்கமும் இவ்வெண்ணத்தோடு ஒப்புநோக்கத்தக்கது.

கடனும் ஏலமும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையின் நிலை முசிறியின் காட்சியினின்று பெரிதும் மாறியிருந்தது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் எழுதிய 'செம்மீன்' சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பால் தமிழ் வாசகர்க்கு நன்கு அறிமுகமானது. அது பெரும்பாலும் காதற்கதையாகவே வாசிக்கப்படுகிறது. பொருளாதார நோக்கில் வாசித்தால் அது ஒரு கடனின் கதை. செம்பன்குஞ்சு தோணியும் வலையும் வாங்குவதற்கு மீன் வணிகனான பரீக்குட்டியிடம் பணம் பெறுகிறான். நாவலில் கடன் கொடுத்தவனே அழிகிறான், வாங்கியவன் உயர்கிறான். கடற்கரையின் நடைமுறையில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானதே நிகழ்ந்தது.

அந்நடைமுறையைச் சுருக்கமாக விளக்கலாம். மீன்பிடித்தொழிலுக்கு மரம், வலை, தூண்டில் ஆகியவற்றுக்கான முதலீடு தேவை. அடைமானமாக வைக்க நிலமில்லாத மீனவருக்கு வங்கிகள் கடன் தருவதில்லை. எனவே வணிகரோ தரகரோ முன்பணம் தருவர். அம்முன்பணத்திற்குப் பெரும்பாலும் வெளிப்படையான வட்டி இராது. அதற்குப் பதிலாகப் பிடித்துவரும் மீன் முழுவதையும் அவரிடமே, அல்லது அவர் காட்டும் ஆளிடமே விற்கவேண்டும். கரையில் ஏலம் நடைபெறும். ஏலம் கூறுபவரும் கடன் கொடுத்தவரும் ஒருவராகவோ உறவினராகவோ இருப்பர். விலை குறையும், தரகுத் தொகை கழியும், எஞ்சிய பணமும் உடனே கைக்கு வாராது. கடனோ குறையாது நிற்கும். வட்டி என்னும் பெயரின்றி மீனின் விலைக்குள்ளேயே வட்டி மறைந்திருந்த முறை இது எனலாம்.

இம்முறையில் மீனவர் இழந்தது பணத்தை மட்டுமன்று. எந்த மீனை, எப்போது, எவ்வளவு பிடிப்பது என்று தீர்மானிக்கும் உரிமையையும் இழந்தனர். கடனைத் தீர்க்க வேண்டியவர் குஞ்சு மீனைக் கடலில் விட்டுவரும் நிலையில் இருப்பதில்லை. உழைப்பவரின் நீதியும் கடல்வளத்தின் காப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

மரியநாட்டிலிருந்து கரமனைக்கு

திருவனந்தபுரத்துக்கு வடக்கே அமைந்துள்ள மரியநாடு, 1960களில் லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் சமூகப்பணி முயற்சியால் உருவான மீனவர் குடியிருப்பு. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவின் ஆதரவுடன் அங்கு ஒரு சமூகப்பணிக் குழு தங்கி வேலை செய்தது. பின்னாளில் மீனவப் பெண்களின் உரிமைக்காகக் குரல்கொடுத்த நளினி நாயக் அக்குழுவில் இருந்தவர். மீனவர் வறுமைக்குக் குடிப்பழக்கமும் சேமிப்பின்மையுமே காரணம் என்னும் பொதுக்கருத்து அக்காலத்தில் பரவலாக இருந்தது. மரியநாட்டு அனுபவம் வேறொன்றை உணர்த்தியது. விற்பனை பிறர் கையில் இருக்கும்வரை எத்தகைய உதவியும் கரையில் நிலைக்காது என்பதே அது.

அங்கு அமைந்த மீன் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம், கடற்கரையிலேயே தன் உறுப்பினர்களின் மீனை ஏலமிடும் பொறுப்பை ஏற்றது. பின்னர்த் திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையத்தில் பேராசிரியராக விளங்கிய ஜான் குரியன் 1970களில் இச்சங்கத்தோடு இணைந்து பணியாற்றினார். கேரள மீன்வளப் பொருளாதாரம் பற்றிய அவருடைய ஆய்வுகளுக்கு இப்பட்டறிவு அடித்தளமாயிற்று.

இச்சங்க முறையின் கூறுகள் எளியவை. கடலுக்குச் சென்று தொழில் செய்பவர் மட்டுமே உறுப்பினராகலாம். வணிகருக்கும் தரகருக்கும் இடமில்லை. உறுப்பினர் தம் மீனைச் சங்கத்தின் வழியாகவே விற்கவேண்டும். சங்கத்தின் ஊழியர் வெளிப்படையாக ஏலம் கூறுவார். வாங்கியவரிடமிருந்து பணத்தைப் பெறும் பொறுப்பு சங்கத்தைச் சேரும். மீனவருக்கு அத்தொகையைச் சங்கமே வழங்கும். அதிலிருந்து ஒரு பகுதி சங்கச் செலவுக்கும், ஒரு பகுதி உறுப்பினரின் சேமிப்புக்கும், ஒரு பகுதி கடன் தவணைக்கும் பிடிக்கப்படும். விற்பனைக் கணக்கு சங்கத்திடம் இருப்பதால், அதனையே நம்பிக்கைச் சான்றாகக் கொண்டு வங்கிக் கடன் பெறவும் வழி பிறந்தது. விற்பனை, கடன், சேமிப்பு ஆகிய மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகளாக முறுக்கப்பட்டன.

இதே காலப்பகுதியில் கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டாறு சமூகசேவைச் சங்கத்தின் முயற்சியால் மீனவர் சங்கங்கள் தோன்றின. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாளுக்கு முன்னர் இவ்விரு கடற்கரைகளும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தவை. மாநில எல்லை பிரித்த பின்னரும் கட்டுமரமும் வலையும் மணவுறவும் பேச்சுவழக்கும் அவற்றை இணைத்தே வந்தன. ஊர்ச் சங்கங்கள் மாவட்ட அளவில் கூடின. அவற்றின் தலைமை அமைப்பாக 1980இல் கரமனைக் கூட்டமைப்பு உருவாயிற்று. ஊர், மாவட்டம், தலைமை என்னும் மூன்றடுக்கு முறை இவ்வாறு அமைந்தது. தமிழும் மலையாளமும் பேசும் மீனவர்களை ஒரே அமைப்பில் இணைத்தமை இதன் சிறப்பாகும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் நாகப்பட்டினக் கடற்கரையில், குறிப்பாகத் தரங்கம்பாடியில், மறுவாழ்வுப் பணிகளில் இக்கூட்டமைப்பு ஈடுபட்டதும் குறிப்பிடத்தக்கது.

இறால் வணிகமும் மழைக்காலத் தடையும்

கூட்டமைப்பு தோன்றிய காலம் கேரளக் கடல் கொந்தளித்த காலமாகும். 1953இல் கொல்லம் மாவட்டத்தின் நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. உள்ளூர் மக்களுக்கு மிகுதியான மீன் கிடைக்கச் செய்வதும் மீனவர் வாழ்வை உயர்த்துவதும் அதன் தொடக்க நோக்கங்கள். அதே 1953இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. அதன்பின் இறாலின் விலை ஏறியது. கடலடியை வாரிச்செல்லும் இழுவைமடிப் படகுகள் பெருகின. மீனவர் அல்லாத முதலீட்டாளர்களும் இத்தொழிலில் நுழைந்தனர். உள்ளூர் உணவுக்காகத் தொடங்கிய திட்டம் வெளிநாட்டு ஏற்றுமதிக்கு வழிவகுத்த இம்மாற்றத்தை ஜான் குரியனின் ஆய்வுகள் விரிவாக எடுத்துரைக்கின்றன.

இழுவைப்படகுகள் கரையோரத்தில் சிறுதொழில் மீனவரின் வலைகளை அறுத்தன. பருவமழைக் காலத்தில் முட்டையிடும் மீன்களையும் குஞ்சுகளையும் வாரின. இதனை எதிர்த்துக் கேரளத்தில் 1980களில் பெரும் போராட்டங்கள் நிகழ்ந்தன. 1980இல் கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. பாபு பால், கலாவர், பாலகிருஷ்ணன் நாயர் ஆகியோர் தலைமையிலான குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைக்கப்பட்டன. 1988 முதல் மழைக்கால இழுவைத் தடை நடைமுறைக்கு வந்தது. 1989இல் 'நீரைக் காப்போம், உயிரைக் காப்போம்' என்னும் முழக்கத்துடன் கிழக்கு, மேற்குக் கடற்கரைகளிலிருந்து புறப்பட்ட நெடும்பயணம் மே 1ஆம் நாள் கன்னியாகுமரியில் கூடியது; காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் அது கலைந்தது. 1993இல் உச்ச நீதிமன்றம், கேரள மாநிலம் எதிர் ஜோசப் ஆண்டனி வழக்கில், கரையோரக் கடலில் சுருக்குவலை முதலியவற்றுக்கு மாநிலம் விதித்த தடையை ஏற்றுக்கொண்டது. மரபுவழி மீனவரின் வாழ்வுரிமைக்கு அத்தீர்ப்பு முதன்மை அளித்தது.

இன்று 'வளங்குன்றா மீன்பிடிப்பு' என்னும் சொல்லாட்சி ஆய்வரங்குகளில் வழங்குகிறது. கேரளத்தில் அதன் பொருளை முதலில் தெருவில் நின்று கேட்டவர்கள் மீனவர்களே என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

வெற்றியும் அதன் விலையும்

கூட்டமைப்பின் வரலாற்றைப் புகழ்மாலையாக எழுதுதல் ஆய்வு நெறியாகாது. அதன் வெற்றிகளே சில புதிய சிக்கல்களையும் தோற்றுவித்தன.

முதலாவது, தொழில்நுட்பம் சார்ந்தது. கட்டுமரத்திற்கு ஏற்ற மரம் அரிதாகி விலையேறியபோது, 1980களில் கடல்சார் ஒட்டுப்பலகையால் ஆன படகுகளைக் கூட்டமைப்பு கட்டத் தொடங்கியது. முட்டம் உள்ளிட்ட இடங்களில் அதன் படகுகட்டும் தளங்கள் இயங்கின. படகின் பின்புறத்தில் பொருத்தும் ஜப்பானிய இயந்திரங்களை வரவழைத்து வழங்குதலும் பழுதுபார்த்தலும் அதன் முக்கியப் பணிகளாயின. இழுவைப்படகுகளோடு போட்டியிட வேண்டிய மீனவருக்கு இயந்திரம் இன்றியமையாததாக இருந்தது. ஆனால் இயந்திரம் வந்ததும் மண்ணெண்ணெய்ச் செலவும் வந்தது. மீன் கிடைக்காத நாளிலும் எரிபொருள் எரிந்தது. படகின் விலை கூடியதால் கடனும் கூடியது. பல ஊர்களில் வணிகரின் முன்பணம் மீண்டும் தலைகாட்டியது. மேலும், இயந்திரப் படகுகள் பெருகப் பெருக, சிறுதொழில் மீனவரின் பிடிதிறனே கடல்வளத்தின்மீது சுமையாகும் நிலை உருவாயிற்று. இதனை அறிந்துகொள்ளும் முயற்சியாகவே கூட்டமைப்பு 1998இல் கேரளத்தின் சிறுதொழில் மீன்பிடிப் படகுகளைக் கணக்கெடுத்தது எனலாம். தான் பரப்பிய கருவியின் விளைவைத் தானே எண்ணிப்பார்த்த நேர்மை அக்கணக்கெடுப்பில் புலப்படுகிறது.

இரண்டாவது, பெண்கள் சார்ந்தது. திருவனந்தபுரத்தின் தெருக்களில் தலைச்சுமையாக மீனை விற்றுவந்தோர் கடற்கரைப் பெண்களே. மீன்நாற்றம் என்று கூறிப் பொதுப்பேருந்துகளில் அவர்களை ஏற்ற மறுத்தனர். 1970களின் இறுதியில் அவர்கள் போராடினர். அதன் பயனாக மீன்விற்கும் பெண்களுக்கெனத் தனிப்பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2021இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கிய 'சமுத்ரா' பேருந்துகள் இப்போராட்டத்தின் தொடர்ச்சியாகக் கருதத்தக்கவை. ஆனால் மீனவர் சங்கங்களின் உறுப்பினர்கள் கடலுக்குச் செல்லும் ஆண்கள். சங்க ஏலத்தில் விலை உயர்ந்தபோது மீன்பிடித்தவர் பயனடைந்தார். ஒரு கூடை மீனை வாங்கவந்த அதே ஊர்ப் பெண்ணோ வண்டியோடு வந்த பெருவணிகருடன் போட்டியிட வேண்டியதாயிற்று. முதல் விற்பனையின் உரிமை மீட்கப்பட்டபோது இரண்டாம் விற்பனையின் உரிமை நெருக்கடிக்குள்ளானது. இம்முரண் இன்றும் முழுமையாகத் தீரவில்லை.

இவற்றோடு உயிரிழப்பையும் சேர்த்தே எண்ணவேண்டும். கரைக்கடலில் மீன் குறைந்தபோது தூண்டில் மீனவர் தொலைவுக்குச் சென்றனர். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் மீனவர்களுள் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. பூந்துறை, விழிஞ்ஞம், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆகிய ஊர்கள் அவ்விழப்பைச் சுமக்கின்றன. அவ்வூர்களுள் சில கரமனைக்கு மிக அண்மையில் உள்ளவை. நகரக் கடைகளில் எழுதப்படும் மீன்விலையில் இவ்விழப்பு கணக்கிடப்படுவதில்லை.

அளவும் காலமும்

கடல்வளக் காப்பிற்குரிய அளவுகோல்கள் அண்மைக்காலத்தில் தெளிவு பெற்றுள்ளன. பிடிக்கத்தக்க குறைந்த அளவை மீனினந்தோறும் வரையறுக்குமாறு மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்தது. அதனை ஏற்று, இந்திய மாநிலங்களுள் முதலாவதாகக் கேரளம் 2015இல் 14 இனங்களுக்கு அளவு விதித்தது. 2017இல் அப்பட்டியல் 58 இனங்களாக விரிந்தது. இதன்படி மத்தி எனப்படும் சாளை 10 சென்டிமீட்டருக்கும், அயிலை 14 சென்டிமீட்டருக்கும் குறையாதிருத்தல் வேண்டும். கடைக்காரர் ஓர் அளவுகோலைக் கையிலெடுத்தாலே சரிபார்க்கத்தக்க விதி இது.

இவ்விதியின் தேவையைச் சாளையின் வரலாறு உணர்த்தும். 2012இல் கேரளத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் டன் சாளை கரை சேர்ந்தது. 2021இல் அது 3,297 டன்னாக வீழ்ந்தது. கடல் வெப்பமாதல் முதலிய இயற்கைக் காரணங்களோடு மிகைப்பிடிப்பும் இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. பின்னர்ச் சாளை மீண்டும் பெருகியது. எனினும் 2024இல் கிடைத்தவற்றுள் பெரும்பகுதி அளவிற் சிறுத்திருந்ததால் விலை சரிந்தது. மீன் மிகுந்தும் மீனவர் வருவாய் மிகவில்லை. ஏழைகளின் மீன் எனப்படும் சாளையின் ஏற்றத்தாழ்வு, கடற்கரையின் அடுப்பையும் நகரத்தின் அடுப்பையும் ஒருங்கே பாதிப்பதாகும்.

காலத்தைப் பொறுத்தவரை ஒரு முரண்பாடு கவனத்திற்குரியது. கேரளக் கரைக்கடலில் இழுவைத் தடை ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் நீடிக்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடை. இரு கடல்களின் பருவங்களும் வேறுபடுவதால் இவ்வேறுபாடு அறிவியல் அடிப்படை உடையதே. ஆனால் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்குக் கிழக்கும் மேற்கும் ஒன்றுதான். ஒரு கடல் ஓய்வெடுக்கும்போது மறு கடலின் மீன் கரமனை வழியே திருவனந்தபுரத்துச் சந்தைக்கு வந்துசேர்கிறது. கடலுக்கு ஓய்வுண்டு; சந்தைக்கு ஓய்வில்லை. எனவே மீன் எங்கிருந்து, எந்த வலையில் பிடிக்கப்பட்டு வந்தது என்று கேளாத கடைக்குத் தடைக்காலம் என்பதே தெரியாமற் போகிறது.

தொலைவு மற்றொரு தீங்கையும் கொணர்ந்தது. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம், 'சாகர் ராணி' என்னும் பெயரில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை நடத்திய சோதனைகளில், வாளையார், அமரவிளை, ஆரியங்காவு ஆகிய எல்லைச் சோதனைச்சாவடிகளில் பார்மலின் கலந்த மீன் பெருமளவில் பிடிபட்டது. இவற்றுள் அமரவிளை, நாகர்கோவிலிலிருந்து கரமனைக்கு வரும் சாலையில் உள்ளது. பிணங்களைக் கெடாமல் வைக்கப் பயன்படும் வேதிப்பொருள் உணவில் கலந்த செய்தி மக்களை அஞ்சச் செய்தது. பார்மலினை எளிதிற் கண்டறியும் சோதனைத்தாளைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் உருவாக்கியிருந்தது. சோதனைத்தாள் நஞ்சைக் காட்டும்; மீன் கடந்துவந்த கைகளைக் காட்டாது.

சான்றிதழும் உரிமையும்

உலக அளவில் இச்சிக்கலுக்குக் கூறப்படும் தீர்வு சான்றிதழாகும். யூனிலீவர் நிறுவனமும் உலக இயற்கை நிதியமும் 1997இல் தோற்றுவித்த கடல்வளப் பொறுப்பு மன்றத்தின் நீலநிற முத்திரை இவ்வகையில் புகழ்பெற்றது. இந்தியாவில் இதனை முதன்முதலில் பெற்றது கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் நடைபெறும் மட்டிச் சேகரிப்பாகும், ஆண்டு 2014. 1980களின் தொடக்கத்தில் ஏற்றுமதி தொடங்கியபின் அங்குச் சேகரிப்பு பெருகி, 1990களின் தொடக்கத்தில் சரிந்தது. அதன்பின் இனப்பெருக்கக் காலத்தில் தடை, வலைக்கண்ணின் அளவு, ஏற்றுமதிக்குரிய மட்டியின் குறைந்த அளவு ஆகியவை வரையறுக்கப்பட்டன. அக்கட்டுப்பாடுகளால் வளம் மீண்டது. முத்திரை அதற்குப் பின்னரே வந்தது. மீட்சியைக் கொணர்ந்தது சேகரிப்போர் ஏற்ற கட்டுப்பாடு என்பதும், முத்திரை அதனை உறுதிசெய்தது என்பதும் இங்கு வேறுபடுத்தி நோக்கத்தக்கன.

ஒரே இனத்தை ஒரே காயலில் எடுக்கும் தொழிலுக்கு இம்முறை பொருந்தும். ஒரே நாளில் பல இன மீன்களைச் சிறிய அளவில் பிடித்து, பல துறைகளில் கரையேறும் மீனவருக்குச் சான்றிதழ்ச் செலவு எளிதன்று. ஏற்றுமதிச் சந்தையின் கட்டுப்பாடு வேறு வகையானது. கடலாமைகள் வலையில் சிக்குவதைக் காரணங்காட்டி, 2019இல் அமெரிக்கா இந்தியக் கடலில் பிடிக்கப்படும் இறாலின் இறக்குமதியைத் தடைசெய்தது. அமெரிக்கத் தட்டுக்குச் செல்லும் இறாலுக்கு அயல்நாட்டார் கேள்வி கேட்கின்றனர். திருவனந்தபுரத்துத் தட்டுக்கு வரும் மீனுக்கு அத்தகைய கேள்வி எழுவதில்லை.

உரிமையை முன்னிறுத்தும் மாற்றுச் சிந்தனையும் திருவனந்தபுரத்தோடு தொடர்புடையது. மீன்தொழிலாளர் ஆதரவுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பு 1986இல் இந்நகரில்தான் உருவாயிற்று. உணவு வேளாண்மை நிறுவனத்தின் மீன்வளக் குழு 2014இல் ஏற்றுக்கொண்ட சிறுதொழில் மீன்பிடிப்புக்கான வழிகாட்டு நெறிகளுக்காக இவ்வமைப்பு நெடுங்காலம் உழைத்தது. கடல்வளம், வாழ்வுரிமை, பெண்களின் பங்கு, சந்தை நீதி ஆகியவற்றைத் தனித்தனியே பிரிக்காமல் ஒன்றாக நோக்குவது அந்நெறிகளின் சிறப்பாகும். மரியநாட்டுக் கடற்கரையில் எழுந்த கேள்வி உலக மன்றத்தில் ஒலித்தது என்று கூறினும் பொருந்தும்.

கேரள அரசின் சட்டமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. 1984இல் அமைந்த அரசுசார் கூட்டுறவு இணையமான மத்ஸ்யபெட், கடற்கரை ஏலத்தில் தலையிடும் முறையைத் தன் சங்கங்களின் வழி மேற்கொண்டது. 2021ஆம் ஆண்டின் கேரள மீன் ஏலம், விற்பனை, தரப் பராமரிப்புச் சட்டம் ஏலத்தரகுக்கு 5 விழுக்காடு என்னும் உச்சவரம்பை வகுத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மீனவர் சங்கங்கள் தம் சொந்த ஏற்பாட்டால் செய்துவந்தது இவ்வாறு சட்டத்தின் சொல்லாயிற்று.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, மீனை விற்கும் நகரக் கடைகளுக்குப் பொருந்தும் சில முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, கொள்முதல் அறம் கடையின் குளிர்ப்பெட்டியில் தொடங்குவதில்லை. கடற்கரை ஏலத்தில் தொடங்குகிறது. யாரிடம் ஏலம் எடுக்கப்பட்டது, எவ்வளவு தரகு கழிந்தது, பிடித்தவருக்குப் பணம் எப்போது சேர்ந்தது என்பன முதற்கேள்விகளாகும். மீனவர் சங்கத்திடம் நேரடியாக வாங்கி, உரிய நாளில் பணம் செலுத்தும் கடை, முன்பணக் கட்டிலிருந்து ஒரு மீனவரையேனும் விடுவிக்கிறது.

இரண்டாவதாக, அளவும் காலமும் வலையும் கேட்கப்படவேண்டும். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைக் கடை மறுத்தால், அதனைப் பிடிக்கும் ஊக்கம் குறையும். தடைக்காலத்தில் தூண்டிலிலும் சிறுவலையிலும் பிடித்த மீனை அதற்குரிய விலைக்கு வாங்குவதும், மீன் இல்லாத நாளில் இல்லை என்று எழுதிவைப்பதும் வாடிக்கையாளருக்குக் கடலின் பருவத்தைக் கற்பிக்கும்.

மூன்றாவதாக, தலைச்சுமைப் பெண்களின் இடத்தைக் கடை பறித்தல் ஆகாது. சங்கத்தின் வழி கொள்முதல் செய்யும் கடை, அதே ஏலத்தில் அப்பெண்களுக்கும் பங்கு கிடைக்கும் ஏற்பாட்டை ஏற்கவேண்டும். கூட்டமைப்பின் வரலாறு விட்டுச்சென்ற குறையை நிறைவுசெய்யும் வாய்ப்பு இதில் உள்ளது.

நான்காவதாக, இவற்றையெல்லாம் செய்யும் கடைக்கு மீன் சற்று விலை கூடுதலாகவே கிடைக்கும். அக்கூடுதல் தொகை இதுவரை மறைந்திருந்த வட்டியும், கணக்கில் வாராத இடரும், கடல் கேட்கும் ஓய்வும் விலையில் வெளிப்படுவதேயாகும். குறைந்த விலைக்கு மீன் கிடைத்த காலத்தில் எஞ்சிய தொகையை வேறு ஒருவர் செலுத்திக்கொண்டிருந்தார் என்பதே கரமனைக் கூட்டமைப்பின் வரலாறு உணர்த்தும் உண்மை.